கடைசி இருக்கையிலிருந்து ஜாஸ் மேடைக்கு: விக்கு விநாயக்ராமின் கடம்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் மண்ணில் இருக்கும் குருவிகுளம் வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் தாளத்துக்குக் குறைவிருக்காது. நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் மோதும். கணியான் கூத்தில் உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். வில்லுப்பாட்டில் வில்லைக் குடத்தின் கழுத்தோடு கட்டி, ஒருவர் அதன் வாயில் தட்டையான பத்தியால் அடிப்பார். பாட்டின் முழு எடையையும் தாங்குவது அந்த அடிதான். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது பாடிய புலவரின் பெயரை. குடம் அடித்தவர் யார் என்று மறுநாள் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

கர்நாடக இசை மேடையிலும் மண்பானையின் நிலை ஏறக்குறைய இதுவே. பாடகருக்கு வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். கடம் அதற்கும் கீழே உபபக்கவாத்தியம். ‘நேரம் போதாது’ என்றால் முதலில் குறைக்கப்படுவது கடத்துக்கான பங்கு. அப்படிப்பட்ட கடம் 1975ஆம் ஆண்டு நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு ஜாஸ் மேடையில், டிரம் செட் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வாசித்தவர் தேத்தாகுடி ஹரிஹர விநாயக்ராம். ஜாஸ் டிரம்மர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ‘உலக இசை’ என்ற தனி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு ஜாஸ் டிரம்மர் செய்ய வேண்டிய வேலை எதுவோ அதை அவர் செய்தார். அதற்கு வேண்டிய பயிற்சியை அவர் ஜாஸிலிருந்து பெறவில்லை, சென்னையில் தன் தகப்பனாரிடம் பெற்றார்.

விநாயக்ராம் பிறந்தது 1942இல், சென்னையில். பின்னாளில் அவரோடு வாசித்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினும் அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் டி.ஆர். ஹரிஹர சர்மா மிருதங்க வித்வான். விரலில் ஏற்பட்ட காயத்தால் மேடையை விட்டுவிட்டு, கற்றுக்கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். 1958இல் அவர் தொடங்கிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா தாளக் கருவிகளுக்கென்றே அமைந்த பள்ளி. மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் எல்லாவற்றையும் ஒரே கணக்கின் கிளைகளாக அங்கே பயிற்றினார்கள். கை வேலை பிறகு. முதலில் வாயால் சொல்ல வேண்டும், மறு கையால் தாளம் போட வேண்டும். சொல் வராதது கையில் வராது என்பது அந்தப் பள்ளியின் அடிப்படை. அந்த வீட்டிலிருந்தே விநாயக்ராமின் தம்பி டி.எச். சுபாஷ் சந்திரனும் வந்தார். கடம், கொன்னக்கோல் இரண்டிலும் பெயர் பெற்றவர்.

விநாயக்ராமின் முதல் கச்சேரி நம் பக்கத்தில் நடந்தது. பதின்மூன்று வயதில், தூத்துக்குடி ராமநவமி உற்சவத்தில், வீ.வீ. சடகோபனுக்குக் கடம் வாசித்தார். இன்று குருவிகுளம் தென்காசி மாவட்டம், தூத்துக்குடி தனி மாவட்டம். அன்று இரண்டும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். சடகோபனும் நெல்லைச் சீமையின் வீரவநல்லூர்க்காரர். 1930களில் ‘நவயுவன்’ படத்தின் நாயகனாக நடித்து, பிறகு சினிமாவை உதறிவிட்டு இசைக்கல்விக்கே வாழ்வைக் கொடுத்தவர். அந்த முதல் மேடைக்கு முன் கடம் உடைந்துபோனது என்றும், வீட்டார் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் விநாயக்ராமின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. சகுனத்தை ஒரு பக்கம் வைப்போம். உடைந்துபோகக்கூடிய ஒரு பொருளை வாழ்நாள் முழுக்கச் சுமந்து ஊர் ஊராகப் போவது என்ன வகையான தொழில் என்பதை அந்தச் சம்பவமே காட்டுகிறது. மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கலாம், தவிலின் வாரை இறுக்கலாம். சுட்ட மண்ணின் சுருதி சூளையிலேயே முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு பாடகரின் சுருதிக்கும் ஒவ்வொரு கடம் வேண்டும். கட வித்வானின் வீட்டில் அதனால்தான் பானைகள் வரிசையாக இருக்கின்றன.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பெரியவர்களுக்கு வாசித்தார். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய அமெரிக்கப் பயணத்தில் வயலின் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் விநாயக்ராம். இருபத்து நான்கு வயதில் ஒரு கட வித்வானுக்கு இதைவிடப் பெரிய இடம் கர்நாடக மேடையில் கிடையாது. ஆனால் அதுவும் பின்வரிசை இடம்தான்.

அமெரிக்கக் கதவைத் திறந்தது கச்சேரிகள் அல்ல, பல்கலைக்கழகங்கள். ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க அறிஞர் மிருதங்கம் பயின்று, தென்னிந்தியத் தாளவாசிப்பைப் பற்றி 1965இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய திட்டத்தில், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் 1963 முதல் மிருதங்கம் கற்பித்தார். ராமநாதபுரம் ராகவனும் அங்கே ஆசிரியராக இருந்தார். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஜாஸ் டிரம்மர் எட் பிளாக்வெல், சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு வாசித்துப் புகழ்பெற்றவர், 1970களில் அதே வளாகத்துக்கு ஆசிரியராக வந்தார். தென்னிந்திய மிருதங்கமும் நியூ ஆர்லியன்ஸ் டிரம்ஸும் ஒரே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்டன. இந்த ஒரு தகவலை வைத்தே தனி நூல் எழுதலாம். இதே காலத்தில், 1971இல், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரன் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார். பிரவுன் பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நடத்திய உலக இசை மையம் விநாயக்ராமை ஆசிரியராக அழைத்தது.

மெக்லாஃப்ளினும் வெஸ்லியனுக்கு மாணவராக வந்தவரே. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1969ஆம் ஆண்டு இசைத்தட்டுகளில் கிதார் வாசித்து, பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற மின்னிசைக் குழுவால் உலகப் புகழ் பெற்றிருந்தவர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வெஸ்லியனில் ஆய்வு மாணவராக இருந்த வயலின் கலைஞர் எல். சங்கரோடு பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். ஜாகிர் உசேனின் தபலா, விநாயக்ராமின் கடம், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம் சேர்ந்தபோது ஷக்தி குழு உருவானது. 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டின் சவுதாம்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவே அவர்களின் முதல் இசைத்தட்டு. ராகவன் அதோடு விலகினார். பிறகு வந்த இரண்டு தட்டுகளிலும் தாளத்துக்கு இருவர் மட்டுமே.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் டிரம்மர் பில்லி காபம் பெரிய டிரம் செட்டோடும் பெரும் ஓசையோடும் வாசித்தவர். அதைக் கேட்டுப் பழகிய ரசிகர்கள் முன்னால் மெக்லாஃப்ளின் மின்கிதாரை வைத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு, ஒரு பானைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஷக்தியில் பேஸ் கிதார் இல்லை, சிம்பல் இல்லை, பியானோ இல்லை.

டிரம் செட்டின் இடத்தைக் கடம் எப்படி நிரப்பியது என்று அறிய, முதலில் டிரம் செட்டையே பார்ப்போம். அது பிறந்த காலத்திலேயே ஒரு சிக்கன ஏற்பாடு. நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களில் பெரிய டிரம்மை ஒருவரும் சிறிய டிரம்மை ஒருவரும் சிம்பலை ஒருவரும் அடித்தார்கள். மேடைக்கு வந்தபோது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்மிதி வந்து, மூவர் வேலையை ஒருவர் கையாலும் காலாலும் செய்யலானார். 1940களில் ஜாஸ் டிரம்மர் கென்னி கிளார்க் காலம் காட்டும் வேலையைப் பெரிய டிரம்மிலிருந்து சிம்பலுக்கு மாற்றினார். அதனால் மற்ற பகுதிகள் விடுபட்டு, தனி வாசிப்பவரோடு உரையாடத் தொடங்கின. நவீன ஜாஸ் டிரம்மரின் வேலை இந்த இரண்டும்தான்: காலத்தைக் கலையாமல் வைப்பது, அதே நேரத்தில் உரையாடுவது.

கடம் இதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைக் கையைக் கவனித்தால் அறியலாம். கழுத்துப் பகுதியில் நகமும் விரல்நுனியும் பட்டால் கூர்மையான உயர் ஒலி. வயிற்றுப் பகுதியில் விரல்களால் நிறைந்த நடு ஒலி. வாயை வாசிப்பவர் தன் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கீழ்க் கையால் தட்டும்போது ஆழ்ந்த கும்கி. சிம்பல், சிறு டிரம், பெரிய டிரம் என்ற மூன்று தளங்களும் ஒரே மண்ணுடலில் இருக்கின்றன. விநாயக்ராமின் சாதனை, இந்த மூன்றையும் தனித்தனிக் குரல்களாகப் பிரித்துக் கேட்கவைத்தது. கர்நாடக மேடையில் மிருதங்கத்தின் தொப்பி கும்கியைக் கவனித்துக்கொள்ளும். ஷக்தியில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தபலாவின் பாயாவுக்கும் கடத்தின் வயிற்றுக்கும் வந்தது. பல சுருதிகளில் கடங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். கடத்தை மேலே தூக்கிப்போட்டுத் தாளத்தில் பிடித்தார். தூக்கிப் போடுவதை வித்தைக்காட்டல் என்று குறை சொன்னவர்கள் உண்டு. பிடிக்கும் கணமும் ஓர் அடியாகக் கணக்கில் சேர்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் குறை நிற்காது.

ஆனால் ஒலியைவிட முக்கியம் கணக்கு. நம் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்றொரு கட்டம் உண்டு. மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனம் வாசிப்பார், கடக்காரர் அதே அளவுக்குப் பதில் சொல்வார். பிறகு ஒன்று, பிறகு பாதி, பிறகு கால். இடைவெளி சுருங்கச் சுருங்கச் சூடு ஏறும். கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளுக்குப் போய், தாளத்தின் தொடக்க அடியான சமத்தில் விழுவார்கள். ஜாஸில் எட்டு அளவைகள், நான்கு அளவைகள் என்று வாத்தியக்காரரும் டிரம்மரும் மாறி மாறி வாசிக்கும் வழக்கம் உண்டு. அதுவும் சில நேரம் இரண்டாக, ஒன்றாகச் சுருங்கும். ஒருவரையொருவர் அறியாமல், உலகின் இரு மூலைகளில் இரண்டு மரபுகள் ஒரே விதியை வந்தடைந்திருக்கின்றன. எதிரே இருப்பவர் சொன்னதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது, பதில் சொல்ல உனக்குள்ள இடம் குறைந்துகொண்டே வரும் என்பது அந்த விதி. ஷக்தி எடுத்துக்கொண்ட தைரியம், இந்தக் குறைப்பில் கிதாரையும் வயலினையும் இறக்கியது. கர்நாடக மேடையில் தாளக்காரர்களுக்குள் மட்டும் நடந்த உரையாடல் அங்கே நால்வருக்கும் பொதுவானது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. ஜாஸ் டிரம்மர் பன்னிரண்டு அளவை புளூஸையோ முப்பத்திரண்டு அளவைப் பாட்டையோ மனத்துக்குள் பாடிக்கொண்டே சுற்றுகளைக் கணக்கிடுகிறார். நம் கலைஞர் முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்று வைத்தால் 32 மாத்திரை. ததிகிணதொம் என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை வாசித்து, நடுவே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் 5, 2, 5, 2, 5 என்று மொத்தம் 19. சமத்தில் வந்து விழ வேண்டுமானால் 13 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். இது சிறுவர்க்கான கணக்கு. வித்வான் இதை ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக, நடை மாற்றி, பேசிக்கொண்டிருக்கும் வேகத்தில் போடுகிறார். கிதார் எங்கோ அலைந்துகொண்டிருக்கையில், எல்லாரும் ஒரே புள்ளியில் இறங்குவதற்கான வழியை விநாயக்ராமும் ஜாகிரும் முன்னமே வகுத்திருப்பார்கள். முதல் தட்டின் முதல் உருப்படி பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதன் திருப்பங்களில் இந்த முன்கணக்கைக் காதால் பின்தொடரலாம். சுதந்திரமாக ஒலிக்கும் அந்த இசையின் சுதந்திரம் இந்த ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது.

ஒற்றைப்படைத் தாளம் ஜாஸுக்கு அந்த நாளில் எவ்வளவு புதிது என்பதற்கு ஒரு சான்று. ஹரிஹர சர்மா பள்ளி தொடங்கிய அதே 1958இல் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் இந்தியாவுக்கு வந்தது, சென்னைக்கும் வந்தது. அடுத்த ஆண்டு அந்தக் குழு பதிவு செய்த ‘டேக் ஃபைவ்’ என்ற ஐந்தடி உருப்படி ஜாஸில் ஒரு திருப்புமுனையாகப் பேசப்பட்டது. அந்த உருப்படி இடம்பெற்ற தட்டின் ஊக்கத்தை உடனே நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். புரூபெக் துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பதடித் தாளத்தையே அதற்கு மூலமாகச் சொல்லியிருக்கிறார். நமக்குத் தேவையான செய்தி வேறு. அங்கே திருப்புமுனையாக இருந்த ஐந்து, ஹரிஹர சர்மாவின் பள்ளியில் தொடக்கநிலை மாணவர்களின் பாடம். அந்தப் பாடத்தோடு ஒருவர் ஜாஸ் மேடைக்குப் போனபோது என்ன நடந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஷக்தி 1978 வாக்கில் கலைந்தது. விநாயக்ராம் சென்னைக்குத் திரும்பித் தகப்பனார் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அவருடைய வாழ்க்கையில் நான் அதிகம் மதிக்கும் பகுதி இது. புகழின் உச்சியில் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. பள்ளியைப் பற்றிப் பேசும்போது சுகன்யா ராம்கோபாலை விட்டுவிட முடியாது. சிறுமியாக மிருதங்கம் கற்க வந்தவர் கடத்தின் மேல் ஆசைப்பட்டார். பெண் விரல்களுக்குக் கடம் கடினம் என்று விநாயக்ராம் தயங்கினார். ஹரிஹர சர்மா, நான் சொல்லித்தருகிறேன் என்று பொறுப்பேற்றார். விநாயக்ராம் அமெரிக்காவில் இருந்த காலத்தில் அந்தப் பெண் தேறிவிட்டார். இன்று சுகன்யா கடத்தில் முதல் பெண் கலைஞராக மதிக்கப்படுகிறார். உலகமெல்லாம் எல்லை கடந்த கலைஞருக்கே வீட்டுக்குள் ஓர் எல்லை இருந்தது. அதைத் தாண்டியவர் வயதில் மூத்த தகப்பனார். மகனைப் பெருமைப்படுத்தும் கட்டுரைகள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1991இல் அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தட்டில் நைஜீரியா, பிரேசில், போர்ட்டோ ரிக்கோ தாளக் கலைஞர்களோடும் ஜாகிர் உசேனோடும் விநாயக்ராமின் கடம் இருக்கிறது. 1992இல் உலக இசைக்கென்று முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருது அந்தத் தட்டுக்குக் கிடைத்தது. சங்கீத நாடக அகாதெமி விருது 1988இல், பத்மஸ்ரீ 2002இல், பத்மபூஷண் 2014இல். 1997இல் ஷக்தி மறுபடி கூடியபோது விநாயக்ராமே வாசித்தார். அதன்பின் அந்த இடத்துக்கு மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். ‘வெண்ணிலா கபடி குழு’ படத்தின் இசையமைப்பாளர் என்றால் பலருக்கும் தெரியும். 2023இல் வெளியான ஷக்தியின் தட்டு 2024 பிப்ரவரியில் கிராமி பெற்றபோது மேடையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

கடத்தைச் செய்பவர்களைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. வித்வான்கள் பெரிதும் விரும்புவது மானாமதுரைக் கடம். சென்னைக் கடத்தைவிடக் கனமானது, அழுத்தி வாசிக்க வேண்டியது, ஒலியில் உலோகக் கூர்மை உள்ளது. பல மண்களைக் கலந்து, சக்கரத்தில் வனைந்து, ஈரம் வற்றும்போது உள்ளே கல்லும் வெளியே மரப்பலகையும் கொடுத்து ஆயிரக்கணக்கான முறை தட்டுகிறார்கள். சுவர் எங்கும் ஒரே தடிமன் வராவிட்டால் சுருதி நிற்காது. அந்த ஊரின் மீனாட்சி கேசவன் கடம் வனைந்ததற்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். வாசிப்பவருக்கு உரிய விருது வனைபவருக்கும் கிடைத்தது நியாயம்.

இனி கரிசலுக்கு வருவோம். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை நாம் போற்றுகிறோம்; சிலை வைத்திருக்கிறோம். அவருக்குப் பக்கத்தில் நின்ற தவில்களைப் பற்றி அதே அளவுக்கு எழுதவில்லை. விநாயக்ராமுக்கு இசைத்தட்டு இருந்தது, ஆய்வாளர்கள் இருந்தார்கள், பள்ளி இருந்தது. அதனால் அவருடைய கணக்கை இன்று நாம் மாத்திரை மாத்திரையாக அலச முடிகிறது. நையாண்டி மேளத்தில் இரண்டு தவில்கள் எதிரெதிரே நின்று போட்டியிடும்போது அங்கேயும் குறைப்பு இருக்கிறது, பின்கணக்கு இருக்கிறது, உரையாடல் இருக்கிறது. மகுடக்காரர்கள் உச்சத்தையும் மந்தத்தையும் பிரித்து வாசிக்கும் முறை எந்த டிரம்மரும் உட்கார்ந்து கேட்க வேண்டியது. இவற்றைத் தாளக் கணக்கோடு எழுதிவைத்த பதிவுகள் மிகக் குறைவு. எழுதாமல் விட்டால், நாளை இவர்களையும் யாரோ ஏதாவதொரு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அல்லது அலமாரியே இல்லாமல் போகும்.

நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை வட்டாரங்களில் கைபேசி வைத்திருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அடுத்த கொடையில் மேளத்தை முழுதாக, வெட்டாமல் பதிவு செய்யுங்கள். மறுநாள் கலைஞரிடமே உட்கார்ந்து, இந்தத் தீர்மான முடிப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டுச் சொற்கட்டோடு எழுதிக்கொள்ளுங்கள். விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: கொடை அழைப்பிதழில் வில்லிசைப் புலவர் பெயருக்குக் கீழே குடம், உடுக்கு, தவில், பம்பை வாசிப்பவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள்.